பெயரொலியும் பொருளுண்மையும்: சீனத்துத் தாவோ நெறியும் போகர் வரலாறும்

சமயங்களை ஒப்புநோக்கி ஆராயப் புகுவார்க்கு இருவகை இடர் உண்டு. தம் சமயத்தில் இல்லாத உண்மை பிறர் சமயத்தில் இருத்தல் இயலாதென இகழ்ந்து ஒதுக்குதல் ஒன்று. பிறர் சமயத்தில் நல்லதென யாது காணப்படினும், அது தம்மிடமிருந்தே சென்றதெனக் கவர்ந்துகொள்ளுதல் மற்றொன்று. முன்னையது பகைமையின் வடிவில் வருதலின் எளிதில் அறியப்படும். பின்னையதோ நட்பின் வடிவில் வருதலின் அறிதற்கரிது. பிறரைப் புகழ்வதுபோல் தொடங்கி, அவரது உடைமையைத் தனதாக்கி முடிக்கும் இயல்பினது அது.

சீன நாட்டுத் தாவோ நெறியைப்பற்றித் தமிழ்நாட்டில் இக்காலத்துப் பரவியுள்ள ஒரு கூற்று இப்பின்னை வகையைச் சார்ந்தது. தாவோ நெறியின் முதலாசிரியர் எனப்படும் லாவோட்சு என்பார் பழனிமலைச் சித்தராகிய போகரே என்பதும், அவர் சீனஞ் சென்று போ-யாங் எனப் பெயர்பூண்டு ஆண்டுள்ளார்க்கு யோகமும் இரசவாதமும் கற்பித்தார் என்பதும், ஆதலின் தாவோ நெறி தமிழ்ச் சித்தர் நெறியின் கிளையே என்பதும் அக்கூற்றாம். சித்தர் அடக்கங்கள் பல மக்களால் நாளும் வழிபடப்பெறும் புதுச்சேரி நகரத்தும் அதன் சூழலிலும் இக்கூற்றினை உவந்து கேட்பார் பலராதல் வியப்பன்று. ஆயின், உவப்பு ஒரு பிரமாணமன்று. காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளால் ஒரு பொருளைத் துணிதலே சித்தாந்த நூலோர் மரபு.

இனி, அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் பரபக்கம் வகுத்த முறை இங்கு நினைவுகூரத்தக்கது. மறுக்கப் புகுந்த மதத்தையும் முதற்கண் அம்மதத்தோர் கூறுமாறே எடுத்து நிறுத்தி, அதன்பின்னரே அவர் ஆராய்ந்தார். மறுத்தற்கே அம்முறை வேண்டப்படுமாயின், உறவு கூறுதற்கு அது பெரிதும் வேண்டப்படும் என்பது சொல்லாமே அமையும். ஆகவே தாவோ நெறியின் தோற்றமும் கொள்கையும் இன்னவென முதற்கண் அறிந்து, பின்னர்ப் போகர் பற்றிய கூற்றினை அளத்தல் முறையாகும்.

தாவோ நெறியின் தோற்றம்

லாவோட்சுவின் வரலாற்றைக் கூறும் பழைய நூல், கி.மு. 100-ஐ அடுத்து சிமா சியன் என்னும் சீன வரலாற்றாசிரியர் எழுதியதாகும். சூ நாட்டிற் பிறந்தவர், லீ என்னும் குடிப்பெயரினர், சௌ அரசரின் ஏட்டுச்சாலையைக் காத்தவர், கன்பூசியர் அவரைக் கண்டு வினவினார், அரசு நலிவதுகண்டு மேற்றிசை நோக்கிச் சென்றார், எல்லைக் கணவாயின் காவலன் வேண்ட ஐயாயிரம் எழுத்தளவில் இருபகுதி நூலொன்று எழுதித் தந்து மறைந்தார் என்பன அவர் தரும் செய்திகள். இவற்றைக் கூறிய அவ்வாசிரியரே, லாவோட்சு என்பார் இன்னார்தாமோ அன்றி வேறொருவரோ எனப் பிற பெயர்களையும் காட்டி ஐயுறுகின்றார். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அவர் துணியாததை இக்காலத்தார் எளிதில் துணிவது நகைப்பிற்கிடமாம்.

எனினும் நூலின் பழமைக்கு மண்ணே சான்று தந்துள்ளது. 1973-ல் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-ல் மூடப்பெற்ற கல்லறையொன்றினின்று பட்டுத்துணியில் எழுதப்பெற்ற தாவோ தே ஜிங் படிகள் இரண்டு கிடைத்தன. அவற்றில் ‘தே’ பற்றிய பகுதி முன்னும் ‘தாவோ’ பற்றிய பகுதி பின்னுமாக, இன்றைய வரிசை தலைமாறியுள்ளது. 1993-ல் குவோதியன் என்னும் ஊரில், ஏறத்தாழக் கி.மு. 300-ஐச் சார்ந்த கல்லறையில், இந்நூற்பகுதிகள் எழுதிய மூங்கிற் சிம்புகள் 71 கிடைத்தன. அவற்றில் இன்றைய நூலின் ஐயாயிரம் எழுத்துக்களில் ஈராயிரம் அளவே உள்ளன, வரிசையும் வேறு. இவற்றால், தாவோ தே ஜிங் ஒருவர் ஒருநாளில் எழுதித் தந்ததன்று, பல தலைமுறைகளில் திரண்டு 81 அதிகாரமாக அமைந்த தொகைநூல் எனக் கருதுதற்கு இடமுண்டு. இந்நூலொடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது சுவாங்ட்சு என்பார் பெயரால் வழங்கும் 33 இயல்களையுடைய நூல். அதன் முதல் ஏழியல்களே அவர் காலத்தன என்பர்.

இவ்விரு நூல்களும் ஒரு சமயக் கூட்டத்தை நிறுவினவல்ல. கோயிலும் குருமரபும் உடைய சமயமாகத் தாவோ நெறி உருக்கொண்டது பின்னரேயாம். கி.பி. 142-ல் சாங் தாவோலிங் என்பார்க்கு இன்றைய சிச்சுவான் பகுதியின் மலையொன்றில், தெய்வமாக உயர்த்தப்பெற்ற லாவோட்சு தோன்றி அருளினார் என்பது அந்நெறியோர் மரபு. அடியார் ஒவ்வொருவரும் ஐந்து படியளவு அரிசி காணிக்கை தந்தமையின், அக்கூட்டம் ‘ஐந்துபடி அரிசி நெறி’ எனவும் வழங்கியது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோ ஹுங் என்பார் சாதிலிங்கத்தையும் பொன்னையும் கொண்டு சாவாமருந்து இயற்றும் முறைகளைத் தொகுத்தெழுதினார். அதன்பின் பல நூற்றாண்டுகள் கழித்தே, உடலையே உலையாகவும் உயிர்ப்பையே தீயாகவும் கொள்ளும் அகவாதம் சிறந்தது. இங்ஙனம் பல்கிய நூல்களின் தொகுதி 1445-ல் அரசாணையால் அச்சேறிற்று.

இத்தோற்ற வரலாற்றினின்று ஓருண்மை புலனாகும். தாவோ நெறி என்பது ஒரு கலத்தில் வந்திறங்கிய சரக்கன்று. சீன மண்ணிலேயே முளைத்து, அம்மண்ணின் அரசியலும் மருத்துவமும் வானநூலும் உரமாகப் பலகிளை விட்டு வளர்ந்த மரம் என்க.

கொள்கை

தாவோ என்னுஞ் சொற்கு வழி என்பது நேர்பொருள். லாவோட்சு நூலில் அச்சொல், உலகம் எதனின்று தோன்றி எதன்வழி இயங்கி எதன்கண் மீளுமோ அதனைக் குறிக்கின்றது. அது பெயர்க்கு அகப்படாதது என்பது அந்நூலின் முதற் கூற்று. ஒருமையினின்று இருமையும், அதனின்று மும்மையும், அதனின்று பல்பொருளும் படிமுறையில் விரிவதை 42-ஆம் அதிகாரம் கூறும். மனிதன் நிலத்தையும், நிலம் வானையும், வான் தாவோவையும் பின்பற்றத் தாவோ தன்னியல்பையே பின்பற்றும் என்னும் கருத்து 25-ஆம் அதிகாரத்தது. தாவோவிற்கு மேல் ஒரு முதல் இல்லை என்பது இதனாற் பெறப்படும்.

‘தே’ என்பது, ஒவ்வொரு பொருளும் தாவோவினின்று தனக்கெனப் பெற்ற ஆற்றல். அவ்வாற்றல் கெடாதிருத்தற்கு வேண்டுவது ‘வூ வேய்’, அதாவது செய்யாமை. செய்யாமையாவது சோம்பியிருத்தலன்று, பொருளின் இயல்பிற்கு மாறாகத் தன்முனைப்பால் வலிந்து செய்தலை ஒழிதலாம். ஊன் அரிவானொருவன் தசைநாரின் இடைவெளி அறிந்து கத்தியை ஓட்டியமையால், பத்தொன்பது ஆண்டாகியும் அக்கத்தி மழுங்கவில்லையென்னும் சுவாங்ட்சுவின் கதை இதனை விளக்கும். நீர் தாழ்விடம் நாடி ஓடியும் கல்லைக் கரைப்பதும், ஆரங்கள் கூடும் குடத்தின் வெற்றிடத்தாலே சக்கரம் சுழல்வதும் லாவோட்சு காட்டும் உவமைகள். அவ்வுபதேசம் பெரும்பாலும் அரசனை நோக்கியது என்பதும் மறத்தற்கில்லை. குறைவாக ஆளும் அரசனே நன்கு ஆள்வான் என்பது அந்நூலின் அரசியல்.

பிற்காலத் தாவோ நெறியோர் இவற்றொடு உடற்கூற்றுக் கொள்கையொன்றையும் சேர்த்தனர். உடலின்கண் வித்தாற்றலும், உயிர்ப்பாற்றலும், அறிவாற்றலும் என மூன்றுள. முன்னையதைப் பின்னையதாக மாற்றி உயர்த்தி, உந்தியின்கீழும் மார்பினும் தலையினும் உள்ள மூன்று நிலைக்களங்களில் காத்தால் நெடுவாழ்வும் சாவாமையும் எய்தலாம் என்பது அது. தமிழ்ச் சித்தரின் வாசியோகத்தொடு இதற்குள்ள ஒப்புமை வெளிப்படை. அவ்வொப்புமையே போகர் பற்றிய கூற்றுக்கு வித்தாயிற்று.

போ-யாங் என்னும் பெயர்

இனி, அக்கூற்றின் ஆதாரங்கள் யாவை எனின், இரண்டே. ஒன்று பெயரொப்புமை, மற்றொன்று போகர் பெயரால் வழங்கும் பாடல்களிற் சீனம் பேசப்படுதல்.

பெயரை முதற்கண் ஆராய்க. சிமா சியன் நூலின் பிற்காலப் படிகள் சிலவற்றில் லாவோட்சுவிற்கு போ-யாங் என்னும் சிறப்புப்பெயர் காணப்படுவது உண்மையே. ஆயின், ‘போ’ என்பது இக்கால வடசீன ஒலிப்பு. பண்டைச் சீன ஒலிப்பில் அவ்வெழுத்து அகரச் சாயலும் ககர மெய்யீறும் உடையது. தென்சீனத்துக் காண்டன் வழக்கில் இன்றும் அஃது ‘பாக்’ என்றே ஒலிக்கும். பண்டு இல்லாத ஓரொலியைக் கொண்டு பண்டைக்கால மனிதர் ஒருவரை அடையாளங் காணுதல் யாங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், ‘பாக்’ என்பதும் போகர் என்பதன் முதற்பகுதியை ஒக்குமே எனின், அங்ஙனம் எவ்வாறு ஒலித்தாலும் ஒக்குமென்பார்க்கு ஒலி பிரமாணமாகாது, விருப்பமே பிரமாணமாகும் என்க. அன்றியும், அவ்வெழுத்திற்கு மூத்தோன் என்பது பொருள். சீனர் தம் மூத்த மகனுக்கு இடும் சிறப்புப்பெயரின் முதலில் அதனை வைப்பது பெருவழக்கு. யாங் என்பதற்கு ஞாயிற்றொளி என்பது பொருள். பொருள் முழுதும் சீனமொழியிலேயே அமைந்துகிடக்கும் ஒரு பெயர்க்குப் பிறமொழி வேர் தேட வேண்டா. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர் எனப்படும் இரசவாத நூலாசிரியர் ஒருவர்க்கும் வேய் போ-யாங் என்றே பெயர். பெயரொப்புமையே அமையுமாயின், போகர் அவரோ இவரோ என்னும் ஐயம் தீருமாறில்லை.

பாடல்களின் செய்தி வேறு. போகர் ஏழாயிரம் முதலியவற்றில் சீனமும் காலாங்கி நாதரும் பேசப்படுகின்றமை எல்லாரும் அறிந்ததே. ஆயின் அவ்விருத்தப் பாக்களின் சொல்லும் நடையும் மிகப் பிற்காலத்தன. காலாங்கி என்னும் பெயர் திருமூலர் மாணாக்கர் எழுவரின் வரிசையில் வரினும், சீனத்தொடர்பு அங்குக் கூறப்படவில்லை. சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் பலவற்றில் பறங்கிப்பட்டை மருந்தாகக் கூறப்படுகின்றது. சீனத்து வேராகிய அது, பறங்கியர் எனப்பட்ட போர்த்துக்கேசியர் வந்தபின் பதினாறாம் நூற்றாண்டில் இந்நாட்டு மருத்துவத்தில் பரவியது. பெயரே அக்காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பெயரின்கீழ் வழங்கும் பாடல் எல்லாம் அப்பெயரினர் காலத்தன ஆகா என்பது இதனால் விளங்கும். இதனாற் சித்தர்பெருமை குன்றுமோ எனின், குன்றாது. மரபு ஒருவர் பெயரால் வளர்ந்துகொண்டே சென்றமை, அப்பெயர்க்கு மக்கள் தந்த மதிப்பினையே காட்டும். ஆயின் அதனைக் கி.மு. நான்காம் நூற்றாண்டிற்குச் சான்றாக்குதல் கூடாது.

முன் நிகழ்ந்த மூன்று பிழைகள்

பெயராலும் பெருமிதத்தாலும் பிறர்பொருளைத் தமதாக்கும் முயற்சி தமிழர்க்கே உரியதன்று. தாவோ நெறியோர் தாமே அதனை முற்படச் செய்தனர். மேற்கணவாய் கடந்த லாவோட்சு இந்தியா புகுந்து புத்தராயினார் அல்லது புத்தர்க்கு ஆசிரியராயினார் என்னும் கதையைக் கி.பி. 300-ஐ அடுத்து வாங் பூ என்பார் நூலாக்கினார். புத்தநெறி சீனத்திற் பரவுவதைப் பொறாது, அது தம்மிடமிருந்து சென்றதே எனக் காட்டுதல் அதன் நோக்கம். அதனால் இருசமயத்தார்க்கும் பல நூற்றாண்டு வழக்கு நிகழ்ந்தது. இறுதியில், 1281-ல் குப்ளாய்கான் தாவோ தே ஜிங் ஒன்றொழியத் தாவோ நெறியின் நூல்களைத் தீயிலிட ஆணையிட்டான். பொய்வரலாறு ஒன்றால் மெய்ந்நூல்கள் பலவும் அழிவெய்தின. லாவோட்சு மேற்கே வந்து புத்தராயினார் என்பதற்கும், போகர் கிழக்கே சென்று லாவோட்சு ஆயினார் என்பதற்கும் திசை வேறேயன்றி இயல்பு வேறன்று.

இரண்டாவது பிழை பிரான்சு நாட்டில் நிகழ்ந்தது. 1823-ல் அபேல் ரெமுசா என்னும் சீனமொழிப் பேராசிரியர், தாவோ தே ஜிங்கின் 14-ஆம் அதிகாரத்தில் வரும் ஈ, ஹீ, வேய் என்னும் மூன்றெழுத்துக்களைக் கூட்டி, அஃது எபிரேயரின் கடவுட்பெயராகிய யெகோவா என்றார். 1842-ல் அந்நூல் முழுவதையும் பிரெஞ்சில் பெயர்த்த அவர் மாணாக்கர் ஸ்தனிஸ்லா ழுலியேன், அவை பார்வைக்கும் செவிக்கும் கைக்கும் எட்டாமையைக் குறிக்கும் சீனச்சொற்களே எனச் சீன உரையாசிரியர் வாயிலாக நிறுவி, ஆசிரியர் கொள்கையை விலக்கினார். ஆசிரியரினும் உண்மை பெரிதெனக் கொண்ட அச்செயல் அறிவுலகிற்கோர் அணியாம்.

மூன்றாவது பிழை புதுச்சேரியையே களமாகக் கொண்டது. எசூர்வேதம் என்னும் பெயரிய பிரெஞ்சு நூலொன்று 1760-ஐ அடுத்து வால்தேர் என்னும் பேரறிஞர் கைக்குச் சென்றது. அதனை இந்தியரின் தொன்மறை எனக் கொண்டு அவர் வியந்து போற்றினார்; 1778-ல் அஃது அச்சும் ஏறிற்று. 1782-ல் சொன்னரா என்னும் பிரெஞ்சு யாத்திரிகர் அது மறையன்று, கிறித்தவப் பாதிரிமார் ஆக்கம் என்றார். புதுச்சேரியிலிருந்த மூலப்படிகளைக் கண்டறிந்த எல்லிசு துரையின் ஆராய்ச்சி 1822-ல் வெளிவந்து ஐயத்தை அகற்றியது. கேட்க விரும்பியதையே ஒரு நூல் கூறுமாயின், அதனை இருமடங்கு ஐயுற்று ஆராய்தல் வேண்டும் என்னும் பாடத்தைப் புதுச்சேரி அன்றே உலகிற்குக் கற்பித்தது. அதனைப் போகர் வரலாற்றில் மட்டும் மறத்தல் தகுமோ?

தொடர்பு வேறு, பிறப்பு வேறு

அற்றேல், தமிழர்க்கும் சீனர்க்கும் தொடர்பே இல்லையோ எனின், அற்றன்று. அது பெரிதும் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் உரோமானியக் கலங்களேயன்றி, இடைக்காலச் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவை சென்றமையைச் சீனக் குறிப்புகள் கூறும். சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் சகம் 1203, அதாவது கி.பி. 1281, சித்திரைத் திங்களில் பொறித்த தமிழ்க் கல்வெட்டொன்று உளது. சம்பந்தப் பெருமாள் என்பார் சீனவேந்தன் ஆணைபெற்று, அவன் உடல்நலத்தின் பொருட்டு ஆண்டுச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தி அதனாற் பெறப்படும். தாவோ நூல்களைத் தீயிலிட ஆணை பிறந்த அதே ஆண்டில், அதே வேந்தன் ஆட்சியில், சீனத்தில் சிவாலயம் எழுந்தது. பிறர் நூலைத் தமதென வழக்கிட்டதன் பயன் ஒன்று. பிறர் நாட்டில் தம் தெய்வத்தைத் தம் பெயராலேயே வழிபட்டதன் பயன் மற்றொன்று.

இத்தொடர்புகளெல்லாம் போகர் கூற்றுக்குத் துணையாகாவோ எனின், ஆகா. வழி உண்டென்பதனால் இன்னார் அவ்வழிச் சென்றார் என்பது முடியாது. மருந்தும் முறையும் இருநாட்டிற்குமிடையே சென்று வந்திருத்தல் இயல்வதே. ஆயின் கொண்டு கொடுத்தல் வேறு, ஒன்றே மற்றொன்றைப் பெறுதல் வேறு. முன்னையது அயலார் உறவு. பின்னையது தாய்சேய் உறவு.

யுவான் சுவாங் தந்த பெயர்

ஒரு நெறியை மற்றொரு மொழியில் வழங்குங்கால் காக்க வேண்டிய ஒழுக்கத்திற்கு எடுத்துக்காட்டாக உண்மை நிகழ்ச்சி ஒன்று உளது. கி.பி. 647-ல், காமரூப வேந்தனாகிய பாஸ்கரவர்மனின் விருப்பத்திற்கிணங்க, தாவோ தே ஜிங்கை வடமொழியிற் பெயர்க்குமாறு சீனப் பேரரசன் யுவான் சுவாங்கைப் பணித்தான். தாவோ நெறிப் புலவர் பலரும் உடனிருந்தனர். தாவோ என்பதைப் ‘போதி’ எனப் பெயர்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். யுவான் சுவாங் அதற்கு இசையாது, ‘மார்க்கம்’ என்பதே சொற்பொருளுக்கு நேர் என்றார். புத்தநூற் சொற்களால் லாவோட்சுவை விளக்குதலும் அவர்க்கு உடன்பாடன்று. அப்பெயர்ப்பு இன்று கிடைக்கவில்லை. அவ்வழக்கின் வரலாற்றைப் பிரெஞ்சு அறிஞர் பெல்லியோ 1912-ல் விரிவாக எழுதினார்.

யுவான் சுவாங் புத்தநெறியினராதலின் தம் சமயத்தின் உயர்சொல்லைக் காத்துக்கொண்டார் எனக் கூறுவாருமுளர். அது மெய்யாயினும், அவர் துணிபு இருசாரார்க்கும் நன்மையே பயந்தது. போதி என்று பெயர்த்திருப்பின் லாவோட்சு புத்தரின் நிழலாகவே இந்தியா புகுந்திருப்பார். தமிழிலும் இவ்வினா உளது. அந்நூலைத் தமிழிற் பெயர்த்த கவிஞர் சி. மணி ‘தாவோ’ என்னும் சீனச் சொல்லையே தலைப்பில் நிறுத்தினார். பொருள் நோக்கிப் பெயர்ப்பதாயின், ‘நெறி’ என்பதே தகும். சிவம் என்றோ பிரமம் என்றோ பெயர்த்தல் தகாது. அதற்குரிய காரணம் கொள்கை வேறுபாட்டில் உளது.

சித்தாந்தத்தொடு ஒப்புநோக்கல்

சித்தாந்தத்தில் நெறி என்பது சரியை, கிரியை, யோகம், ஞானம் என நாற்படியாக நின்று ஒரு பொருளைச் சென்று சேர்விப்பது. செல்வோன் ஆன்மா, சேரப்படுவோன் பதி, இடைநின்று தடுப்பது பாசம். இம்மூன்றும் அநாதி. லாவோட்சு நூலிலோ நெறியே முடிந்த பொருள்; அதற்கு அப்பால் சேரப்படுவோன் ஒருவன் இல்லை.

மேலும், குடத்திற்கு மண் முதற்காரணமும், தண்டசக்கரம் துணைக்காரணமும், குயவன் நிமித்தகாரணமும் ஆதல்போல, உலகிற்கு மாயையும் சத்தியும் சிவமும் காரணமெனச் சித்தாந்தம் பகுத்துணர்த்தும். தாவோவை அந்நூல் பொருளெல்லாம் ஈன்ற தாயாக உருவகிக்கும். ஆயின் கருதிப் படைக்கும் கருத்தாவாகக் கூறாது. அங்ஙனமாயின் தாவோ மாயையோ எனின், அதுவும் பொருந்தாது. சடம், சித்து என்னும் பகுப்பே அந்நூலில் எழவில்லை. எழாத வினாவிற்கு விடையை அதன் வாயிற் புகுத்தல் முறையன்று.

வானும் நிலமும் எவ்வுயிர்க்கும் தனியன்பு காட்டுவனவல்ல என்பது தாவோ தே ஜிங்கின் 5-ஆம் அதிகாரக் கருத்து. இதுவே இரு நெறிகளும் பிரியுமிடம். சித்தாந்தத்தில் ஐந்தொழிலும் அருளின் பொருட்டே நிகழ்வன, மறைத்தலும் அருளே. பிற்காலத் தாவோ நெறியில் தேவர் பலரும், தெய்வமாகிய லாவோட்சுவும் வழிபடப்பெறினும், அவர் தாவோவின் ஆதி உயிர்ப்பினின்று வெளிப்பட்டவரேயன்றி அதற்கு முதல்வராகார்.

தன்முனைப்பு ஒழிதலில் இரண்டும் நெருங்கி வருவது மறுத்தற்கில்லை. ‘வூ வேய்’ என்பதனையும், சிவஞானபோதத்தின் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் பயனுடைத்து. இரண்டிடத்தும் ‘யான் செய்தேன்’ என்னும் எழுச்சி அடங்குகின்றது. ஆயின், தாவோ நெறியிற் செயல் இயல்பின்கண் ஒடுங்கும். சித்தாந்தத்திற் செயல் ஒருவனிடத்து ஒப்புவிக்கப்படும். ஒப்புவிக்கப் பெறுவோன் இன்மையின் முன்னையதிற் காதலும் கண்ணீரும் இல்லை. நாயன்மார் வாழ்வினைச் சுவாங்ட்சுவின் அமைதியொடு ஒப்பிடுவார்க்கு இவ்வேறுபாடு இனிது விளங்கும். முடிந்த பயனும் வேறு. பிற்காலத் தாவோ நெறியோர் சாவாமையை விரும்பினர். சித்தாந்தம் விரும்புவது மலநீக்கமும் சிவப்பேறும். ஆணவமலம் அநாதியாய் உயிரைப் பற்றியது என்னும் கொள்கை தாவோ நெறியில் இல்லாமையின், நீக்கற்பாலது யாது என்பதிலேயே இரண்டும் வேறாயின.

இவ்வேறுபாடுகளைக் கூறியது தாவோ நெறியைத் தாழ்த்தற்கன்று. அதிகாரத்தின் ஆரவாரத்தை அஞ்சாது கடிந்ததும், மென்மையின் வலிமையை உணர்த்தியதும், சொல்லின் எல்லையைச் சொல்லாலேயே காட்டியதும் அதன் தனிப்பெருமைகள். அவற்றைச் சீனத்தின் பெருமையாகவே போற்றுதல் ஒப்புநோக்கின் பயனாகும்.

செயற்பாலது

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவிய ழான் பிலியோசா, மருத்துவமும் வடமொழியும் தமிழும் கற்றவர். 1969-ல் அவர் ‘தாவோயிசமும் யோகமும்’ என்னும் தலைப்பில் இருநாட்டு உயிர்ப்புப் பயிற்சிகளை நூலாதாரங் கொண்டு ஆராய்ந்து விரிவான கட்டுரை எழுதினார். பெயரொலியை விட்டு, முறைக்கு முறையும் நூலுக்கு நூலும் நிறுத்தி ஒப்பிடும் அவ்வழியே பின்பற்றத்தக்கது.

அந்நிறுவனத்தில் ந. இரா. பட் அவர்களின் பதிப்பாக ரௌரவாகமம் 1961 முதலும், தி. வே. கோபாலையர் அவர்களின் பதிப்பாகத் தேவாரம் 1984 முதலும், படிகள் பல ஒப்பிடப்பெற்று வெளிவந்தன. புதுச்சேரியில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளின் தொகுதி 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆகமத்திற்கும் தேவாரத்திற்கும் செய்யப்பெற்ற அவ்வுழைப்பு, போகர் பெயரால் வழங்கும் பாடல்களுக்கும் செய்யப்பெறுதல் வேண்டும். எப்படியில் எப்பாடல் உளது, எச்சொல் எக்காலத்தது, எம்மருந்து எந்நாட்டது என அடைவுபடுத்திக் காணின், சீனத்தினின்று தமிழகம் உண்மையிற் பெற்றன யாவை, தந்தன யாவை என்பது தெளிவுறும். அத்தெளிவு, போகர் லாவோட்சு ஆயினார் என்னும் கதையினும் போகர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும். பழனியம்பதியில் அடக்கங்கொண்டவராக மக்கள் வணங்கும் அப்பெரியார்க்குச் சீனத்தார் ஒருவரின் பெயர் வேண்டுவதன்று. கணவாய் கடந்து மறைந்தார் எனப்படும் முதியவர்க்கும் பழனிமலை வேண்டுவதன்று.